பட்டாசுச் சத்தம் யார் காதில் விழுந்தது?

கேள்வி:

மேடம், வணக்கம். எனக்கு 37 வயது. காலடிப்பேட்டையில் இருக்கிறோம். எங்கள் பக்கத்தில் தண்டல் (தினவசூல் வட்டிக் கடன்) விட்டுக்கொண்டிருந்த ஒருவர் போன வாரம் எண்ணூர் விரைவு சாலையில் கன்டெய்னர் லாரியில் அடிபட்டு இறந்துபோனார். மறுநாள் காலையில் தெருவில் சரவெடிச் சத்தம். யாரோ பெரியவர் தவறிவிட்டார், எடுக்கப்போகிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். கீழே இறங்கிப் பார்த்தால் எல்லோரும் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். மளிகைக் கடை அண்ணன் லட்டு கொடுத்துக்கொண்டிருந்தார். ஸ்பீக்கரில் குத்துப் பாட்டு. முனை வீட்டு ஆயாவுக்கு எழுபது வயது இருக்கும், அதுகூட ஆடியது. மதியம் பிரியாணி அண்டா வந்து இறங்கியது.

அந்த ஆள் நல்லவர் இல்லை. என் தம்பி மார்க்கெட் பக்கம் தள்ளுவண்டியில் டிபன் கடை வைத்திருந்தான். அவரிடம் 20,000 தண்டல் வாங்கினான். கையில் கொடுத்தது 17,000. தினம் 200 ரூபாய், நூறு நாள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்து தெருவில் தண்ணீர் நின்றபோது கடை போட முடியாமல் தவணை விட்டுப்போனது. அதற்கு ஒரு வட்டி, அந்த வட்டிக்கு ஒரு வட்டி என்று ஏறிக்கொண்டே போனது. கடைசியில் ஒரு நாள் சாயங்காலம் நடுத்தெருவில் வைத்துத் தம்பியைச் செருப்பால் அடித்தார். அடுப்பு, சிலிண்டர், தோசைக்கல் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போனார். அன்றைக்கு முதல் ஆளாக ஷட்டரை இறக்கியது இதே மளிகைக் கடை அண்ணன்தான். தம்பி இப்போது கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனி கேன்டீனில் இருக்கிறான். ஆடித் திருவிழாவுக்குக்கூடத் தெருப் பக்கம் வருவதில்லை.

செய்தி கேட்டதும் எனக்கும் ‘அப்பாடா’ என்றுதான் இருந்தது. பொய் சொல்லமாட்டேன். ஆனால் லட்டைக் கையில் வாங்கியதும் வாயில் வைக்க முடியவில்லை. அந்த ஆயா ஆடியதைப் பார்த்து வெட்கமாக இருந்தது. ஐந்தாவது படிக்கிற என் மகனும் மற்ற பசங்களோடு சேர்ந்து வெடி கொளுத்தியிருக்கிறான். ராத்திரி படுக்கும்போது, “அம்மா, டியூஷன்ல என் பக்கத்துல உக்கார்ற பாப்பாவோட அப்பாதானே அவரு?” என்று கேட்டான். எனக்குப் பதில் வரவில்லை. அன்றிலிருந்து சரியான தூக்கம் இல்லை. வீட்டுக்காரர், “கசாப்பைத் தூக்குல போட்டப்ப நாடே வெடி வெடிச்சுது. அப்பவும் நீ மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டுத்தான் இருந்தியா?” என்கிறார். எனக்கு ஏதாவது மனக்கோளாறா மேடம்? தம்பிக்குத் துரோகம் செய்கிறேனா? அவர் மனைவியைப் போய்ப் பார்க்கலாமா, கூடாதா?

பெயர் வேண்டாம், காலடிப்பேட்டை

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

மனக்கோளாறு இல்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மற்ற கேள்விகளையும் அந்தப் பயத்தோடுதான் எழுதியிருக்கிறீர்கள். தெருவே ஒரு பக்கமாக நின்று சிரிக்கும்போது ஒருத்திக்கு மட்டும் லட்டு இறங்கவில்லை என்றால், ‘எனக்குத்தான் என்னவோ ஆகிவிட்டது’ என்று தோன்றத்தான் செய்யும். இப்படிப்பட்ட சமயத்தில் ஒரு வாரம் தூக்கம் கெடுவதும் நடக்கிறதுதான். அது மூன்று வாரத்தைத் தாண்டினாலோ, சாப்பாடே வேண்டாம் என்று ஆனாலோ, வேலைக்குக் கிளம்ப முடியவில்லை என்றாலோ ஸ்டான்லி ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்குப் போங்கள், உங்களுக்குப் பக்கம்தான். அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416-க்கு ராத்திரி பகல் எப்போது வேண்டுமானாலும் தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. இப்போதைக்கு இதெல்லாம் தேவைப்படும் என்று எனக்குத் தோன்றவில்லை.

வட சென்னை என்றாலே அரிவாள் என்று சினிமா நம்மைப் பழக்கிவைத்திருக்கிறது. உங்கள் கடிதத்தில் அரிவாள் இல்லை. ஒரு தண்டல் நோட்டும் ஒரு தோசைக்கல்லும்தான் இருக்கின்றன. இந்தப் பக்கத்தில் ஆட்களை நிஜமாக நசுக்குவது பெரும்பாலும் அந்த நோட்டுதான் என்பது என்னிடம் வருகிறவர்களைப் பார்த்தே எனக்குத் தெரியும். நெஞ்சு படபடக்கிறது, இ.சி.ஜி. எடுத்தாயிற்று, ஒன்றும் இல்லை என்கிறார்கள் என்று வருவார்கள். பேசப் பேச, சாயங்காலம் ஒரு குறிப்பிட்ட பைக் சத்தம் கேட்டால்தான் அது வருகிறது என்று தெரியும். வசூலுக்கு வருகிற பைக். அதனால் இறந்துபோனவருக்காக நான் வக்காலத்து வாங்கப்போவதில்லை. செருப்படி வாங்கிய வீட்டுக்கு மன்னிப்பைப் பற்றிப் பாடம் எடுப்பதும் என் வேலை இல்லை. உங்களுக்கு வந்த அந்த ‘அப்பாடா’வுக்காக நீங்கள் யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டாம், கடவுளிடம்கூட.

உங்கள் வீட்டுக்காரர் கேட்டது நல்ல கேள்வி. அதை மூஞ்சியத் தூக்கி வைத்துக்கொண்டு தட்டிவிடாமல் பதில் சொல்லிப் பார்க்கலாம். 2012 நவம்பர் 21 அன்று காலையில் புனே எரவாடா சிறையில், மும்பைத் தாக்குதலில் பிடிபட்ட கசாப்பைத் தூக்கிலிட்டார்கள். முடிந்த பிறகுதான் நாட்டுக்கே தெரியும். பல ஊர்களில் வெடி வெடித்தார்கள், இனிப்புக் கொடுத்தார்கள். அதற்கு முந்தைய வருடம் மே மாதம் பின் லாடன் பாகிஸ்தானில் கொல்லப்பட்ட செய்தி வந்த ராத்திரியில் வெள்ளை மாளிகை வாசலில் கூட்டம் கொடியோடு குதித்தது. அதில் நிறையப் பேர் கல்லூரிப் பிள்ளைகள். இரட்டைக் கோபுரம் விழுந்தபோது உங்கள் மகன் வயதில் இருந்தவர்கள்.

அந்த ராத்திரியிலேயே உங்களைப் போல லட்டு இறங்காதவர்களும் இருந்தார்கள். ஒரு மனிதனின் சாவில் கிறிஸ்தவன் மகிழ்வதில்லை என்று வாடிகனின் செய்தித் தொடர்பாளர் அறிக்கை விட்டார். எதிரியே ஆனாலும் ஒருவன் சாவைக் கொண்டாடமாட்டேன் என்கிற மாதிரி ஒரு வாசகம் மார்ட்டின் லூதர் கிங் சொன்னதாக அப்போது உலகம் முழுக்கச் சுற்றியது. அவர் அப்படிச் சொல்லவே இல்லை. யாரோ ஒரு பெண் தன் மனசில் பட்டதை எழுதி, அதற்குக் கீழே கிங்கின் வரிகளைப் போட்டிருந்தார். கை மாறி மாறி அவர் வரியும் கிங் பெயரில் ஒட்டிக்கொண்டது. எனக்கு இதில் ஆச்சரியம் இல்லை. ‘எனக்கு இது பிடிக்கவில்லை’ என்று சொந்தப் பெயரில் சொல்லக் கூச்சம். பெரிய மனுஷர் யாராவது சொல்லியிருந்தால் தேவலை என்று இருந்திருக்கும். நீங்கள் ‘மனக்கோளாறா’ என்று கேட்பதும் கிட்டத்தட்ட அந்தக் கூச்சம்தான்.

சரி, அப்படியானால் கசாப்புக்கு அன்றைக்கு நீங்கள் அழவில்லையே, இதற்கு மட்டும் ஏன்? கசாப்பின் வீட்டார் யாரும் காலடிப்பேட்டையில் இல்லை. இவருடைய மகள் உங்கள் பையனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வாய்ப்பாடு எழுதுகிறாள். தொலைவில் இருக்கிற எதிரிக்குப் பெயர் மட்டும்தான் உண்டு. தெருவில் இருக்கிற எதிரிக்குப் பெண்டாட்டி, பிள்ளை, துணி காயப்போடுகிற கொடி எல்லாம் உண்டு. இதை வீட்டுக்காரரிடம் இப்படியே சொல்லுங்கள், சண்டை போடாமல்.

தமிழர்களான நமக்கு இதை விளக்கத் தேவையே இல்லை. 2009 மே மாதம் போர் முடிந்ததும் கொழும்புத் தெருக்களில் சிங்கக் கொடி பிடித்து, வெடி போட்டு, பாற்சோறு கொடுத்துக் கொண்டாடினார்கள். வெடித்தவர்களைக் கேட்டால், இனிமேல் பஸ்ஸில் குண்டு வெடிக்காது, பிள்ளை பள்ளிக்கூடம் போய்ப் பத்திரமாக வீடு திரும்பும் என்கிற நிம்மதியில்தான் வெடித்தோம் என்பார்கள். அதுவும் பொய் இல்லை. ஆனால் அதே ஊரில், தமிழர்கள் நிறைய வாழும் வெள்ளவத்தையில் கதவைச் சாத்திக்கொண்டு அந்தச் சத்தத்தைக் கேட்டவர்கள் இருந்தார்கள். புலிகளை ஏற்காதவர்களும் அவர்களில் உண்டு. வன்னியில் இருந்த சொந்தங்கள் உயிரோடு இருக்கிறார்களா என்றுகூடத் தெரியாதவர்கள் உண்டு. செத்தவர் காதில் வெடிச் சத்தம் விழுவதில்லை. அது விழுவதெல்லாம் பக்கத்து வீட்டில்தான். உங்கள் பையனுக்கு இது அன்று ராத்திரியே புரிந்துவிட்டது.

அடுத்து வீட்டுக்காரர் நரகாசுரனை இழுப்பார். இழுக்கட்டும். தன் சாவை எல்லோரும் கொண்டாட வேண்டும் என்று நரகாசுரனே வரம் கேட்டதாகத்தான் நம் பாட்டிமார் கதை சொல்கிறார்கள். உங்கள் தண்டல்காரர் அப்படி எதுவும் கேட்டுவிட்டுப் போகவில்லை. சூரசம்ஹாரத்தில் ஊரே கூடி ஆர்ப்பரிக்கும். முருகனோ சூரனைப் பிளந்த கையோடு ஒரு பாதியை மயிலாக்கித் தனக்குக் கீழேயும் மறு பாதியைச் சேவலாக்கிக் கொடியிலும் வைத்துக்கொண்டான். இன்றைக்கு முருகனைக் கும்பிடுகிறவர்கள் சூரனையும் சேர்த்துத்தான் கும்பிடுகிறோம். ராவணன் விழுந்ததும், பகை சாவோடு முடிந்தது, அண்ணனுக்குச் செய்ய வேண்டியதைச் செய் என்று விபீஷணனிடம் ராமனே சொல்கிறான். திருவிழாவை உதாரணம் காட்டுகிறவர்கள் முழுத் திருவிழாவையும் காட்ட வேண்டும் அல்லவா?

ஆனால் சகோதரி, நான் இதுவரை சொன்னதெல்லாம் இரக்கத்தைப் பற்றி. உங்களை உறுத்துவது இரக்கம் மட்டும்தான் என்று நான் நினைக்கவில்லை. உங்கள் கடிதத்தில் ஒரு வரி இருக்கிறது. ‘அன்றைக்கு முதல் ஆளாக ஷட்டரை இறக்கியது இதே மளிகைக் கடை அண்ணன்தான்.’ கேள்விக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஆனாலும் எழுதியிருக்கிறீர்கள். அதுவும் ‘இதே’ போட்டு.

உங்களுக்கு லட்டு இறங்காததற்குப் பாதிக் காரணம் அந்தக் கை என்று எனக்குப் படுகிறது. உங்கள் தம்பி அடி வாங்கியபோது கம்பியைப் பிடித்து ஷட்டரை இழுத்த கை. தெருவில் அன்றைக்கு எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? ஒரு நான்கு பேர் கடையை விட்டு இறங்கி, ‘என்னப்பா இது, விடு’ என்று சொல்லியிருந்தால் தோசைக்கல் போயிருக்கும், செருப்படி விழுந்திருக்காது. உயிரோடு இருந்தவரிடம் யாரும் வாய் திறக்கவில்லை. அவர் லாரிக்கு அடியில் போன பிறகு எல்லோருக்கும் குரல் வந்துவிட்டது. அதைப் பார்க்கும்போது உங்களுக்கு வந்தது இறந்தவர் மேல் பரிதாபம் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். அதில் இருக்கிறவர்கள் மேல் கோபமும் கலந்திருக்கிறது. அந்தத் தெருவில் கோபத்துக்கு இப்போது இடம் இல்லை, எல்லோரும் ஒரே கட்சி. அதனால் அது தூக்கம் வராமையாக மாறி ராத்திரியில் வருகிறது.

இதை வைத்துப் பார்த்தால் ‘தம்பிக்குத் துரோகம் செய்கிறேனா’ என்ற கேள்வி தலைகீழாகிவிடுகிறது. அன்றைக்கு நடந்ததை அந்தத் தெருவில் மறக்காத ஆள் நீங்கள் மட்டும்தானோ என்னவோ.

மளிகைக் கடைக்காரரை வில்லனாக்கவும் நான் விரும்பவில்லை. அவரும் அதே நோட்டில் ஒரு பக்கத்தில் இருந்திருக்கலாம். சில்லறை வியாபாரம் செய்கிறவர்களில் தண்டல் வாங்காதவர் யார்? பயந்திருப்பார். பயந்தது அவருக்கே பிடித்திருக்காது. என் அனுபவத்தில், இப்படிப்பட்ட கொண்டாட்டங்களில் ரொம்பச் சத்தமாக இருப்பவர்கள் ரொம்ப அடி வாங்கியவர்களாக இருப்பதில்லை. பார்த்துக்கொண்டு நின்றவர்களாக இருப்பார்கள். அடி வாங்கிய உங்கள் தம்பி வெடி வாங்கிக்கொண்டு கும்மிடிப்பூண்டியிலிருந்து ரயில் ஏறி வந்தாரா? வரவில்லையே.

தம்பி அடி வாங்கிய அன்று நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்று கடிதத்தில் இல்லை. நான் கேட்கவும் இல்லை. ஒருவேளை நீங்களும் மாடியிலிருந்தோ ஜன்னலிலிருந்தோ பார்த்துக்கொண்டு நின்றிருந்தால், கால் நகராமல் போயிருந்தால், அதுவும் இந்தத் தூக்கம் வராமையில் ஒரு பங்கு வகிக்கும். பயத்தில் உடம்பு உறைவது கோழைத்தனம் இல்லை. நாம் உத்தரவு போட்டு அது நடப்பதில்லை.

கொண்டாடினால் மனசு ஆறிவிடும் என்று எல்லோரும் நம்புகிறோம். ஆறுகிறதா என்று சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 2008-இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், கூட்டாகப் பணம் போட்டு ஆடும் ஒரு விளையாட்டில் வேண்டுமென்றே ஒருவரை ஏமாற்ற வைத்தார்கள். சிலருக்கு அவரைத் தண்டிக்க வாய்ப்புக் கொடுத்தார்கள், சிலருக்குக் கொடுக்கவில்லை. தண்டித்தால் நிம்மதி கிடைக்கும் என்றுதான் எல்லோரும் எதிர்பார்த்தார்கள். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால், தண்டித்தவர்கள்தான் அந்த ஏமாற்றுக்காரரையே நினைத்து நினைத்து எரிச்சலாக இருந்தார்கள். வாய்ப்புக் கிடைக்காதவர்கள் தங்கள் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். பின் லாடன் கொல்லப்பட்ட பிறகு அமெரிக்கர்களிடம் நடத்திய இன்னோர் ஆய்வில், நீதி கிடைத்துவிட்டது என்று அதிகம் உணர்ந்தவர்களிடமே இன்னும் பழிவாங்க வேண்டும் என்கிற எண்ணமும் அதிகம் இருந்தது. உங்கள் தெருவைக் கொஞ்ச நாள் கவனியுங்கள். யார் வாயில் அந்த ஆளின் பெயர் தினமும் வருகிறது என்று தெரிந்துவிடும்.

கொண்டாட்டம் இன்னொன்றும் செய்யும். கேள்விகளைச் சாத்திவிடும். 2019 டிசம்பரில் ஹைதராபாத் பக்கத்தில் ஒரு பெண் கால்நடை மருத்துவரைக் கொன்ற வழக்கில் கைதான நால்வரை போலீஸ் சுட்டுக் கொன்றபோது ஜனங்கள் போலீஸ்காரர்கள் மேல் பூ போட்டார்கள், இனிப்பு ஊட்டினார்கள். போலீஸ் சொன்ன கதை நம்பும்படியாக இல்லை, பத்துப் போலீஸார் மேல் கொலை வழக்கு நடத்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் அமைத்த கமிஷன் 2022-இல் சொன்னது. அப்போது பூ போட்டவர்கள் யாரும் தெருவுக்கு வரவில்லை. உங்கள் தெருவிலும் பிரியாணி அண்டாவோடு விஷயம் முடிந்துவிட்டது. 17,000 கொடுத்து 20,000 வாங்குகிறவரிடம் ஏன் இத்தனை வீடுகள் மாட்டின, புயல் அடித்த வாரத்தில்கூட ஏன் ஒருவரும் சேர்ந்து போய்த் தவணை கேட்கவில்லை என்று இனி யார் பேசுவார்கள்? அந்த இடத்துக்கு அடுத்த தண்டல்காரர் வருவதற்கு ரொம்ப நாள் ஆகாது.

அந்த ஆயா விஷயத்தில் மட்டும் உங்களோடு எனக்குக் கருத்து வேறுபாடு. அவர் ஆடியதைப் பார்த்து வெட்கமாக இருந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் காதில் தோடு இருக்கிறதா என்று பார்த்தீர்களா? எழுபது வயதில் ஒருவர் தெருவில் இறங்கி ஆடுகிறார் என்றால், என்ன போயிற்று அவருக்கு என்று ஒரு நாள் திண்ணையில் உட்கார்ந்து கேளுங்கள். நாம் சங்கடப்படுகிறோம் என்பதாலேயே ஆடுகிறவர்களைவிட ஒரு படி மேலே நிற்கிறோம் என்று ஆகிவிடாது. இது சட்டென்று வருகிற நினைப்பு; படித்தவர்களுக்கு இன்னும் சீக்கிரம் வரும், என்னையும் சேர்த்து. அவருடைய ஆட்டத்தில் லட்டு கொடுத்தவரின் கணக்கு இல்லை. எனக்கு அது வேறாகத் தெரிகிறது.

மகன் விஷயத்துக்கு வருகிறேன். அவன் கேட்டு ஒரு வாரம் ஆகிவிட்டதே என்று விட்டுவிடாதீர்கள். பிள்ளைகள் கேள்வியை மறப்பதில்லை, பெரியவர்கள் மழுப்புகிறார்கள் என்று புரிந்துகொண்டு நிறுத்திக்கொள்கிறார்கள். படுக்கப் போகும்போது நீங்களே எடுங்கள். “அன்னிக்கு நீ கேட்டியே, அந்தப் பாப்பாவோட அப்பாவான்னு. ஆமாம்டா. அவர் மாமாவை அடிச்சார், அது தப்பு. அதனால நம்ம தெருவுல நிறையப் பேருக்கு அவர் மேல கோபம். ஆனா பாப்பாவுக்கு அவர் அப்பா. அது இப்ப அழுதுக்கிட்டு இருக்கும்” என்று சொன்னால் போதும். வெடி கொளுத்தியதற்காகத் திட்டாதீர்கள். கையில் கொடுத்தது பெரியவர்கள். “நான் தப்பு பண்ணிட்டேனாம்மா?” என்று கேட்டால், “உனக்குத் தெரியாது. இப்பத் தெரியுதில்ல” என்று விடுங்கள். அந்தக் குழந்தையிடம் போய் ஸாரி சொல்லச் சொல்லாதீர்கள். அவன் வெடித்தது அவளுக்குத் தெரியாமலே இருக்கலாம், சொல்லித் தெரிய வேண்டாம். அவள் டியூஷனுக்குத் திரும்ப வரும்போது இவன் இடத்தை மாற்றிக்கொள்ளாமல் பக்கத்திலேயே உட்கார வேண்டும். மற்ற பசங்கள் கேலி செய்தால் சேராமல் இருக்க வேண்டும். பத்து வயதுப் பையனிடம் இதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது. டியூஷன் டீச்சரிடம் மட்டும் நீங்கள் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.

இறந்தவரின் மனைவியைப் பார்க்கப் போகலாமா என்றால், போகலாம். போகாமலும் இருக்கலாம். அதில் தப்பு இல்லை. தெருவுக்கு எதிராக ஒரு கணக்குக் காட்டுவதற்காகப் போவதாக இருந்தால் வேண்டாம், அந்த வீட்டை அதற்குப் பயன்படுத்தக் கூடாது. மனசு உண்மையிலேயே இழுக்கிறது என்றால் காரியத்துக்கு முன்னால் ஒரு மதிய நேரம், கூட்டம் இல்லாதபோது போங்கள். அவர் நல்லவர் என்று ஒரு பொய் சொல்ல வேண்டியதில்லை. துக்க வீட்டில் பேச வேண்டும் என்றே கட்டாயம் இல்லை. கொஞ்ச நேரம் உட்காரலாம், பிள்ளை சாப்பிட்டதா என்று கேட்கலாம், எழுந்து வந்துவிடலாம். போய் வருகிறேன் என்றுகூட அங்கே சொல்ல வேண்டாம் என்றுதானே நம் பழக்கம். ஒன்றுக்குத் தயாராக இருங்கள். வெடிச் சத்தம் அவருக்கும் கேட்டிருக்கும். நீங்கள் எந்தத் தெரு என்று தெரிந்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம், வெளியே போ என்றும் சொல்லலாம். அந்தக் கோபத்துக்கு அவருக்கு உரிமை இருக்கிறது. வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். அவர் தடுத்தால் ஒரு நாள் தள்ளிப்போடுங்கள், ஒளிந்து போகாதீர்கள்.

அதைவிட முக்கியமாக நீங்கள் பேச வேண்டிய ஆள் உங்கள் தம்பி. இந்தச் செய்தியை அவருக்கு யார் சொன்னார்கள்? யாராவது வெடி வீடியோவை வாட்ஸ்அப்பில் அனுப்பி, சிரிக்கிற பொம்மையும் போட்டிருப்பார்கள். அதைப் பார்த்து அவர் என்ன நினைத்தார் என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. தன்னை அடித்தபோது நின்று பார்த்த முகங்களே அந்த வீடியோவில் ஆடுவதைப் பார்த்திருப்பார். லீவு நாளில் கூப்பிடுங்கள். ‘அவன் ஒழிஞ்சான்டா’ என்று ஆரம்பிக்காதீர்கள். அன்று சாயங்காலம் நடந்ததை நான் மறக்கவில்லை, யாரும் வராதது எனக்கு இன்னும் ஆறவில்லை என்று சொல்லுங்கள். நீங்களும் அங்கே இருந்திருந்தால் அதையும் சொல்லுங்கள். அவர் ஒன்றும் பேசாமல் போனை வைத்தாலும் பரவாயில்லை, மறு வாரம் திரும்பக் கூப்பிடலாம். ஆடிக்கு வா என்று உடனே இழுக்காதீர்கள். செருப்படி வாங்கிய இடத்துக்குத் திரும்ப வருவதற்கு ஆளுக்கு ஆள் நாள் பிடிக்கும். முடிந்தால் முதலில் நீங்கள் கும்மிடிப்பூண்டிக்குப் போய்ப் பாருங்கள்.

கடைசியாக ஒரு நடைமுறை விஷயம். நான் வக்கீல் இல்லை, ஆனாலும் சொல்ல வேண்டும். ஆள் போனாலும் நோட்டு போவதில்லை. மச்சானோ கூட்டாளியோ அதை எடுத்துக்கொண்டு வீடு வீடாக வருவது இந்தத் தொழிலில் வழக்கம்தான். தம்பி வெற்றுத் தாளிலோ பத்திரத்திலோ காசோலையிலோ கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறாரா என்று அவரிடமே கேளுங்கள். இதுவரை எவ்வளவு கட்டினார் என்பதை நினைவு இருக்கிற அளவுக்கு எழுதி வைக்கச் சொல்லுங்கள். தமிழ்நாட்டில் கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் எல்லாவற்றுக்கும் சேர்த்து 2003-இலேயே சட்டம் வந்துவிட்டது; மூன்று வருடம் வரை ஜெயில் உண்டு. மிரட்டலாக யாராவது வந்தால் வாசலில் நின்று தனியாகப் பேச்சுக் கொடுக்காதீர்கள். சட்ட உதவிக்கான எண் 15100. பெண்களுக்கு வருமானம் எவ்வளவாக இருந்தாலும் அங்கே வக்கீல் உதவி இலவசம். கூப்பிடும்போது தம்பியையும் கான்பரன்ஸில் சேர்த்துக்கொள்ளுங்கள். கையெழுத்து அவருடையது, அவர் வாயால் சொன்னால்தான் விவரம் சரியாக இருக்கும்.